அல்லிக்குளத்தில் அல்லி இல்லை

சென்னை சென்ட்ரல் நிலையத்தை அடுத்து அல்லிக்குளம் என்று ஓர் இடம் வழங்குகிறது. அங்கே அல்லி இல்லை, குளமும் இல்லை. வணிக வளாகம் ஒன்று நிற்கிறது. அருகிலேயே புறநகர் வண்டிகள் புறப்படும் நிலையம் இருக்கிறது. அதற்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். அங்கே மார்க்கெட் இல்லை. சுற்றிலும் உள்ள பகுதிக்குப் பார்க் டவுன் என்று பெயர். பார்க் எங்கே என்று கேட்டால் இளைஞர்கள் விழிக்கிறார்கள்.

வழக்குக்குச் சாட்சி இருவர் போதும் என்பர் சட்ட அறிஞர். இங்கே மூன்று பெயர்கள் சாட்சிக்கு நிற்கின்றன. ஒரு காலத்தில் அவ்விடத்தில் பெருந்தோட்டம் ஒன்று இருந்தது; அதில் குளங்கள் இருந்தன; அங்கே மக்கள் கூடினர், பிள்ளைகள் ஓடினர் என்று அவை மூன்றும் ஒருமுகமாகச் சாட்சி சொல்கின்றன. அத்தோட்டம் தோன்றிய வகையையும் தேய்ந்த வகையையும் எழுதி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தேய்ந்த வகை முக்கியமானது. ஏனெனில், நம் ஊர்களிலும் அதே வகையில்தான் விளையாட்டு வெளிகள் மறைந்து வருகின்றன.

மக்களுக்கென ஒரு தோட்டம்

1859ஆம் ஆண்டு சர் சார்லஸ் டிரெவெல்யன் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். புதிய வரிகளை எதிர்த்துத் தம் கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டதற்காக 1860ஆம் ஆண்டிலேயே அவர் திருப்பி அழைக்கப்பட்டார். ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட அக்குறுகிய காலத்தில் அவர் தொடங்கி வைத்த காரியங்களுள் ஒன்று, ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்னும் மக்கள் பூங்கா.

பெயரைக் கவனிக்க வேண்டும். அக்காலத்துச் சென்னையில் தோட்டங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் அவை தோட்ட வீடுகளைச் சேர்ந்தவை. வெள்ளை அதிகாரிகளுக்கும் செல்வர்களுக்கும் உரியவை. கறுப்பர் நகரம் என்று அப்போது அழைக்கப்பட்ட ஜார்ஜ் டவுனின் நெருக்கடியான தெருக்களில் வாழ்ந்த பொதுமக்களுக்குக் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்பதே இப்பூங்காவின் கருத்து. அதன் பரப்பு 116 ஏக்கர். அதனுள் 11 குளங்கள் இருந்தன. உலாவுதற்குச் சாலைகளும், இசைக்குழுவினர் வாசிக்க மேடையும், குளிக்கும் இடமும் அமைந்திருந்தன.

விலங்குக் காட்சிசாலையும் இங்கேதான் இருந்தது. அதன் வரலாற்றில் நம் சமுதாயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர் எழும்பூரில் இருந்த அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராய் இருந்தார். கர்நாடக நவாபிடம் சொந்தமாக விலங்குத் தொகுதி ஒன்று இருந்தது. அதனைப் பொதுமக்கள் காணும்படி வழங்குமாறு பால்ஃபர் கேட்டு வாங்கினார். அவ்வாறு 1855ஆம் ஆண்டு அருங்காட்சியக வளாகத்தில் விலங்குக் காட்சிசாலை தோன்றியது. கடைசிக் கர்நாடக நவாபான குலாம் கௌஸ் கான் காலமானதும் அதே ஆண்டில்தான். ஆட்சி போயிற்று, அரண்மனை போயிற்று, நவாபின் விலங்குகள் மட்டும் மக்களின் உடைமையாயின. 1860களின் தொடக்கத்தில் அவை மக்கள் பூங்காவுக்கு மாறின. 1850ஆம் ஆண்டு சென்னையில் முகம்மதியப் பொது நூலகம் தோன்றத் துணை நின்றவரும் இதே பால்ஃபர்தான் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

சென்னை மக்கள் எதற்கும் தங்கள் வழியில் பெயர் சூட்டுவர். பாடம் செய்த உடல்கள் இருந்த எழும்பூர் அருங்காட்சியகம் அவர்களுக்குச் ‘செத்த காலேஜ்’. உயிருள்ளவை இருந்த மக்கள் பூங்கா ‘உயிர்க் காலேஜ்’. என் இளமையிலும் இப்பெயர்களே வழங்கின.

பங்கு பிரிந்த கதை

இப்பூங்காவை எவரும் ஒரே நாளில் அழித்துவிடவில்லை. கயவர் எவரும் கவர்ந்து கொள்ளவுமில்லை. அதை எடுத்துக்கொண்டவை எல்லாம் நற்காரியங்களே.

1886 டிசம்பர் 31ஆம் நாள் பூங்காவில் நடந்த பொருட்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நகரம் கண்ட பெருந்துயரங்களுள் அது ஒன்று. ஆயினும் பூங்கா தொடர்ந்து மக்கள் கூடுமிடமாகவே இருந்தது. 1880களில் அதன் தென்புறத்தில் நகர மண்டபம் எழுந்தது. விக்டோரியா பொது மண்டபம் என்று அதற்குப் பெயரிட்டனர். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகங்கள் நடத்தியது. தமிழ் நாடகத்துக்கு அம்மண்டபம் செய்த உதவி சிறிதன்று.

அடுத்து மூர் மார்க்கெட். பிராட்வேப் பகுதியில் நெருக்கடியில் தவித்த வியாபாரிகளுக்கு ஒழுங்கான இடம் வேண்டும் என்று, மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் காலத்தில் 1898இல் அடிக்கல் நாட்டி, 1900இல் திறந்தனர். ஏழை வியாபாரிக்கு நிழல் தருவதை யார் குறை சொல்ல முடியும்?

அதன்பின் மாநகராட்சியே குடிபுகுந்தது. ரிப்பன் மாளிகைக்கு 1909இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1913இல் வெண்ணிறப் பொலிவோடு அது திறக்கப்பட்டது. தோட்டத்தைப் பராமரிக்க வேண்டிய காவலரே தோட்டத்தில் வீடு கட்டிக்கொண்டார் எனலாம். ஆயினும் நகராட்சிக்கு ஒரு நல்ல மாளிகை வேண்டும் என்பதும் நியாயமே.

பின்னர் மாநகராட்சி விளையாட்டரங்கம் வந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் எடுத்தது அங்கேதான். ஐம்பதாண்டுக்கும் மேலாக அது முறியாத உலகச் சாதனையாக நின்றது.

மண்டபம், சந்தை, மாநகராட்சி மாளிகை, விளையாட்டரங்கம்: ஒவ்வொன்றும் பொதுநலத்துக்கே. ஒவ்வொரு முறையும், மீதி இவ்வளவு இருக்கிறதே என்ற ஆறுதலும் இருந்திருக்கும். அந்த மீதியில் விளையாடிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவன் நான்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே

என் இளமை பெரியமேட்டில் கழிந்தது. அத்தா அங்கே தோல் மண்டி ஒன்றில் கணக்கெழுதி வந்தார். வட ஆர்க்காட்டுத் தோல் பதனிடும் ஊர்களுக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் நடுவே பெரியமேடு ஒரு கணவாய் போல இருந்தது. தெருவெங்கும் பதப்படுத்திய தோலின் நெடி. வீடுகள் சிறியவை. முற்றம் என்பது நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். ஆகவே, காலையில் பள்ளிக்கூடம், மாலையில் மக்தப் என்ற இரண்டு கட்டுகளிலிருந்தும் அவிழ்ந்த பிள்ளைகளுக்குப் பூங்காவின் மிச்சமே புகலிடம்.

1975 முதல் பத்தாண்டுக் காலம் அவ்வெளியை நான் அறிவேன். அப்போதே அது பழைய பூங்கா அன்று. ஆயினும் உயிர்க் காலேஜ் இருந்தது. மை லேடீஸ் தோட்டம் இருந்தது. கட்டடங்களுக்கு இடையே மண்தரையும் தூங்குமூஞ்சி மரங்களும் எஞ்சியிருந்தன. விடியலில், பாங்கோசைக்குச் சற்று முன், சிங்கம் கர்ச்சிப்பது எங்கள் தெருவுக்குக் கேட்கும். சிறு குழந்தைகள் பயப்படுவதில்லை. அது அவர்களுக்குச் சேவல் கூவுவது போல.

ஆட்டங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். யார் கட்டளையிடுகிறார்கள் என்று தெரியாது. ஒருநாள் திடீரென எல்லார் சட்டைப் பையிலும் கோலி குலுங்கும். கோலியில் பேந்தா ஆடுவோம். தோற்றவன் முட்டியால் கோலியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வீடு திரும்பும்போது முட்டி சிவந்திருக்கும். பிறகு பம்பரம் வரும். ‘அபீட்’ எடுக்கத் தெரியாதவனின் பம்பரம் வட்டத்துக்குள் கிடந்து, மற்றவர்களின் ஆக்கரால் குத்துப்படும். கில்லி வந்தால் கண்ணுக்கும் கண்ணாடிச் சன்னலுக்கும் ஆபத்து. காற்றுக் காலத்தில் காத்தாடி. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலால் எதிரியின் காத்தாடியை அறுப்பதே வெற்றி. அந்நூல் வழிப்போக்கரின் கழுத்தை அறுத்து உயிர் வாங்கியதால் பின்னர் தடைசெய்யப்பட்டது, தடை நியாயமானதே.

பெண் பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் பாண்டி ஆடுவர். பெருநாளுக்கு மறுநாள் மட்டும் அவர்களுக்கும் தாய்மாருக்கும் பூங்கா திறந்தது போல் ஆகும். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய தாய்மார் மை லேடீஸ் தோட்டத்துப் புல்லில் வட்டமாக அமர்ந்து தூக்குச் சட்டியைத் திறப்பர். வேறு நாட்களில் தெருமுனை வரைகூட வராத என் பாட்டியார் அன்று ஒட்டகச்சிவிங்கியின் முன் நெடுநேரம் நின்று, படைத்தவனின் வல்லமையை வியந்து பேசுவார். நவாபின் கொடைக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் இப்படி ஒரு பலன் இருந்தது.

அவ்வெளியில் கூடிய பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். தோல் மண்டிக்காரர் பிள்ளைகள் நாங்கள். சூளையிலிருந்து ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் வருவர். ரயில்வே சுமைகூலிகளின் பிள்ளைகள் வருவர். சௌகார்பேட்டையிலிருந்து குஜராத்திப் பையன்கள் சிலர், விலை மிக்க காத்தாடியோடு வருவர். தமிழும் உருதுவும் தெலுங்கும் கலந்து, எந்த இலக்கணத்துக்கும் அடங்காத ஒரு மொழியில் சண்டை நடக்கும். நடுவர் இல்லை. சட்டப் புத்தகம் இல்லை. ஆயினும் சட்டம் இருந்தது. கோடு தாண்டினால் ஆட்டம் இழந்தான். தகராறு என்றால் மறு ஆட்டம். சிறியவனுக்கு ஒரு வாய்ப்பு கூடுதல். பலமுள்ளவன் அநியாயம் செய்தால் மறுநாள் அவனை எவரும் சேர்த்துக்கொள்வதில்லை. அதைவிடக் கடுமையான தண்டனை எங்கள் உலகில் இருந்ததில்லை. நீதியைப் பற்றிப் பிற்காலத்தில் மத்ரஸாவில் பல நூல்கள் ஓதினேன். நீதிக்கு என் முதற்பாடம் அந்த மண்தரைதான்.

பெற்றோர் எவரும் எங்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வைக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் அறியவும் மாட்டார்கள். பிள்ளைகளைச் சேர்த்து வைத்தது வெளி ஒன்றே. இன்று பல சமயத்தாரும் அண்டை வீட்டாராய் வாழ்ந்துகொண்டு ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாதிருப்பதைக் காணும்போது, கட்டடங்கள் எடுத்துக்கொண்டது நிலத்தை மட்டும் அன்று என்று தோன்றுகிறது.

1985ஆம் ஆண்டு

அந்த ஆண்டு மே 30ஆம் நாள் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. ரமளான் மாதத்தின் முற்பகுதி அது. மூர் மார்க்கெட் என்பது வெறும் கடைவீதி அன்று. பழைய புத்தகம் தேடும் ஏழை மாணவனுக்கு அதுவே பல்கலைக்கழகம். புறாவும் முயலும் வண்ணமீனும் விற்கும் கடைகள் ஒருபுறம்; இசைத்தட்டுகள் ஒருபுறம். முன்னட்டை இழந்த அரபுத்தமிழ் ஏடு ஒன்றை அத்தா அங்கே சில்லறைக் காசுக்கு வாங்கி வந்தது இன்றும் என்னிடம் இருக்கிறது. தீ அணைந்த பின், அந்த இடம் ரயில் நிலையத்தின் விரிவாக்கத்துக்குப் போயிற்று. வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் கட்டடம் எழுப்பித் தந்தனர். அதற்காகத்தான் குளம் பெயரளவில் நின்றது. மூர் மார்க்கெட்டின் சிறு மாதிரி வடிவம் ஒன்றை நிலையத்தின் அருகே நினைவுச் சின்னமாக வைத்தனர்.

அதே ஆண்டு ஜூலை 24ஆம் நாள் வண்டலூரில் அறிஞர் அண்ணா விலங்கியல் பூங்கா திறக்கப்பட்டது. இருப்பிடம் நெருங்கிக் கூண்டுகளில் துன்புற்ற விலங்குகளுக்கு அது விடுதலை. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை, மகிழவே வேண்டும். ஆனால், விலங்குகள் விட்டுச்சென்ற இடம் மீண்டும் பூங்காவாகவில்லை. விலங்குக்குக் கூண்டு பற்றாது என்று உணர்ந்த நாம், பிள்ளைக்கு வீடு பற்றாது என்பதை உணரவில்லை.

பழைய விளையாட்டரங்கம் 1993இல் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கமாகப் புதுப்பிக்கப்பட்டது. 1995இல் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது உள்ளரங்கமும் அமைந்தது. நாட்டுக்குப் பெருமைதான். ஆயினும் விளையாட்டரங்கம் வேறு, விளையாட்டு வெளி வேறு. அரங்கில் இருபத்திரண்டு பேர் ஆட, இருபதாயிரம் பேர் அமர்ந்து பார்ப்பர். வெளியில் பார்ப்பவர் இல்லை. வந்தவர் எல்லாரும் ஆடுபவரே. அரங்குக்குச் சுவரும் சீட்டும் உண்டு. வெளிக்கு வாயிலே இல்லை. கடைசியாக, 2018இல் மெட்ரோ ரயில் நிலத்துக்கு அடியிலும் நிலையம் கொண்டது. மை லேடீஸ் தோட்டம் என்னும் சிறு துண்டு இன்றும் மரங்களோடு எஞ்சி நிற்கிறது. 116 ஏக்கரை நினைத்து அதைப் பார்ப்பவருக்கு, பெரும் ஏடு ஒன்றின் கிழிந்த ஓரம் போலத் தோன்றும்.

ஃபிக்ஹு நூல்களில் ஒரு சொல்

மைதானம் என்னும் சொல் அரபியில் ‘மைதான்’ என்று வழங்குவது. திறந்த வெளி, குதிரை ஓட்டும் களம் என்பது அதன் பொருள். சொல் தமிழில் வந்து தங்கிவிட்டது. அச்சொல்லுக்குரிய உரிமை என்ன என்பதை நம் சட்ட நூல்கள் பேசுகின்றன என்பதைப் பலர் அறியார்.

ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில், தரிசு நிலத்தை உயிர்ப்பித்து உடைமையாக்குவது பற்றி ஒரு பாடம் உண்டு. எவருக்கும் உரிமையற்ற தரிசைத் திருத்திப் பயிரிட்டவன் அதற்கு உரியவனாவான். ஆனால் ஊரை ஒட்டிய சில நிலங்கள் வெறுமையாய்க் கிடப்பினும் தரிசு ஆகா. அவை ஊரின் ‘ஹரீம்’. ஊர் முழுமைக்கும் உரிய சுற்றுவெளி. எவனும் அதைத் தனக்கென வளைத்துக்கொள்ள இயலாது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில், ஊரார் கூடிப் பேசும் இடம், குதிரை ஓடும் இடம், ஒட்டகம் படுக்கும் இடம், சாம்பல் கொட்டும் இடம் என்பவற்றை ஹரீமாக எண்ணிக் காட்டியுள்ளார்கள். பின்வந்த ஷாஃபிஈ உரையாசிரியர்கள் ஆட்டுக் கிடையோடு மற்றொன்றையும் சேர்த்தனர்: ‘மல்அபு ஸிப்யான்’, அதாவது சிறுவர் விளையாடுமிடம்.

இச்சொல்லை மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் சற்று நின்றுவிடுவது என் வழக்கம். மாபெரும் சட்ட அறிஞர்கள், பரம்பரைச் சொத்தும் பாசன நீரும் பற்றி நுணுகி ஆராய்ந்தவர்கள், கோலி ஆடும் சிறுவனையும் மறக்கவில்லை. வெற்றிடம் என்று அவ்வெளியை எண்ணாதே, அது பயன்பாட்டில் உள்ள நிலம் என்று தீர்ப்பளித்தனர். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களும், ஓதி முடித்த பிள்ளைக்கு நல்ல விளையாட்டு வேண்டும். அதைத் தடுத்து ஓயாது பாடத்தில் வருத்தினால் அதன் உள்ளம் செத்துவிடும் என்ற கருத்தை இஹ்யாவில் வலியுறுத்தியுள்ளார்கள்.

மக்கள் பூங்காவுக்குக் குறையாய் இருந்தது இதுவே. மரம் இருந்தது, நீர் இருந்தது, பெயரிலேயே மக்கள் இருந்தனர். அந்நிலம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற தீர்ப்பு மட்டும் இல்லை. ஆகவே, புதிய தேவை எழும்போதெல்லாம் அது ‘சும்மா கிடக்கும் இடம்’ ஆயிற்று. மண்டபம் கேட்டவருக்கு மனு இருந்தது; சந்தை கேட்டவருக்குச் சங்கம் இருந்தது. விளையாடும் பிள்ளை மனு எழுதுவதில்லை. அவன் வளர்ந்து எழுதத் தெரியும் நாளில் வெளி போய்விடுகிறது.

நம் ஊர்களில்

இதைச் சென்னையின் பழங்கதை என்று விட்டுவிடலாகாது. நம் மஹல்லாக்களை ஒருமுறை சுற்றி வாருங்கள். பள்ளிவாசலுக்கு முன்னே இருந்த மணல்வெளியில் கடைகள் எழும்பியுள்ளன. வாடகை பள்ளிவாசலுக்கே வருகிறது. இமாமுக்கும் முஅத்தினுக்கும் ஊதியம் கிடைக்கிறது. மத்ரஸாவின் திறந்த முற்றத்தில் திருமண மண்டபம் எழும்பியுள்ளது. ஏழைக் குமர்களின் திருமணம் குறைந்த செலவில் நடக்கிறது. குளக்கரையில் வாகனங்கள் நிற்கின்றன. எல்லாம் நற்காரியங்களே. மக்கள் பூங்காவைத் தின்றவையும் நற்காரியங்களே.

கட்டடமே வேண்டாம் என்று நான் கூறவில்லை. கட்டுவதற்கு முன் ஜமாஅத்தார் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அஸருக்குப் பின் இவ்விடத்தில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றால் அது வெற்றிடம் அன்று. அதை எடுத்தே தீர வேண்டுமானால், நடந்து போகும் தூரத்தில் அதற்கு ஈடான வேறோர் இடத்தை முதலில் ஒதுக்க வேண்டும். வசதி படைத்த பெருமக்கள் பள்ளிவாசலுக்கும் கல்விக்கூடத்துக்கும் வக்ஃபு செய்கிறார்கள். ஊருக்கு ஒருவரேனும் அரை ஏக்கர் மண்தரையைச் சிறுவர் விளையாட்டுக்கென்றே பத்திரத்தில் எழுதி வக்ஃபு செய்யட்டும். வக்ஃபு செய்தவரின் நிபந்தனைக்குச் சட்டம் எத்துணை மதிப்பளிக்கிறது என்பதை உலமாக்கள் அறிவர். எழுதாமல் விட்ட வெளி நில்லாது என்பதற்கு 116 ஏக்கர் சான்றாக இருக்கிறது.

இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வோர் ஊரிலும் அறுபதைக் கடந்த பெரியவர்களை அழைத்து உட்காரவைத்து, எந்த இடத்தில் என்ன விளையாடினீர்கள், அது இப்போது என்னவாயிற்று என்று கேட்டு எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளே எழுதட்டும். எந்த வெளி போயிற்று என்பது அதில் தெரியும். எது இன்னும் எஞ்சியிருக்கிறது என்பதும் தெரியும். எஞ்சியவற்றின் பெயர்களை அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் செய்ய வேண்டும் என்பது இந்தப் பழைய பெரியமேட்டுக்காரனின் வேண்டுகோள்.